யந்திரமே, ஏன் என்று சொல்!

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், "இன்றைக்கு நான் ஏன் விளையாடப் போகக் கூடாது?" என்று கேட்கிறான். நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்கள். பால் பொங்குகிற நேரம். "கூடாதென்றால் கூடாது, போடா!" என்று சொல்லி விடுகிறீர்கள். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்காருகிறான்.

கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே மனசு கேட்பதில்லை. "நேற்று ராத்திரி உனக்கு ஜுரம் இருந்ததோ இல்லையோ? அதனால்தான்" என்கிறீர்கள்.

"இப்போது இல்லையே அம்மா! தொட்டுப் பார்" என்று நெற்றியைக் காட்டுகிறான். தொட்டுப் பார்க்கிறீர்கள். ஜில்லென்று இருக்கிறது. "சரி, அரை மணிதான்" என்று அனுப்பி விடுகிறீர்கள்.

எல்லார் வீட்டிலும் நடக்கிற விஷயம்தான். ஆனால் கவனித்தீர்களா? காரணம் தெரியாத வரையில் பையனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரணம் தெரிந்ததும், அது சரிதானா என்று சோதிக்கச் சொன்னான். தீர்ப்பே மாறிவிட்டது.

"கூடாது" என்று சொல்வது அம்மாவாக இல்லாமல் ஒரு யந்திரமாக இருந்தால்?

யந்திரமாவது, தீர்ப்புச் சொல்வதாவது என்று சிரிக்காதீர்கள். கடனுக்கு மனுப் போட்டால் அதை முதலில் எடை போடுவது இன்று பல இடங்களில் கம்ப்யூட்டர்தான். வேலைக்கு வந்து குவிகிற விண்ணப்பங்களில் யாரைக் கூப்பிடலாம் என்று பிரிப்பதும், சர்க்கார் சலுகை யாருக்குச் சேர வேண்டும் என்று சல்லடை போட்டுச் சலிப்பதும் கூடப் பல ஊர்களில் அதன் பொறுப்பாகி விட்டன. செயற்கை நுண்ணறிவு, செயற்கை நுண்ணறிவு என்று தினமும் காதில் விழுகிறதே, அது இப்படித்தான் சத்தமில்லாமல் நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. அது சொல்லும் தீர்ப்புக்குக் காரணம் கேட்க முடியுமா? கேட்டால் நமக்குப் புரிகிற மாதிரி சொல்லுமா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாட்டியின் கைத்திட்டம்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். யந்திரத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள்தானே? அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா?

பழைய காலத்துக் கம்ப்யூட்டர் சமையல் புத்தகத்தைப் போன்றது. "துவரம் பருப்பு ஒரு ஆழாக்கு, புளி எலுமிச்சங்காய் அளவு" என்று ஒவ்வொரு வரியையும் யாரோ எழுதி வைத்திருப்பார்கள். சாம்பார் புளித்துப் போனால் எந்த வரியில் தப்பு என்று புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து விடலாம்.

புதிய யந்திரம் அப்படியல்ல. அது நம் பாட்டியைப் போன்றது. பாட்டிக்கு யாரும் புத்தகம் எழுதிக் கொடுக்கவில்லை. ஐம்பது வருஷம் அடுப்பின் முன்னால் நின்று, ஆயிரக்கணக்கான முறை குழம்பு வைத்து, கை தானாகப் பழகிவிட்டது. "பாட்டி, உப்பு எவ்வளவு போட்டாய்?" என்று கேட்டால், "ஒரு கைத்திட்டம்தான்" என்பாள். அவள் எதையும் ஒளிக்கவில்லை. அவளுக்கே அளவு தெரியாது. அதே போல் யந்திரமும் லட்சக்கணக்கான பழைய உதாரணங்களைப் பார்த்துப் பழகியது. அதன் வயிற்றில் இருப்பது கோடிக்கணக்கான எண்கள். அவற்றை ஒரு காகிதத்தில் அச்சடித்து உங்கள் கையில் கொடுத்தால் உங்களுக்கும் புரியாது, அதைச் செய்த எஞ்சினீயருக்கும் புரியாது.

அப்படியானால் பாட்டியின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வழியே இல்லையா? ஏன் இல்லை? சமையலுக்கு முன்னால் உப்பு ஜாடியை நிறுத்துப் பாருங்கள். சமையல் முடிந்த பிறகு இன்னொரு தடவை நிறுத்துப் பாருங்கள். பாட்டி வாயைத் திறக்காமலே கணக்கு வெளியே வந்துவிடும். விஞ்ஞானிகளும் இந்தத் தந்திரத்தைத்தான் கையாளுகிறார்கள். யந்திரத்துக்குக் கொடுக்கும் விவரங்களில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். எதை மாற்றினால் தீர்ப்பு மாறுகிறதோ, அதுதான் காரணம்.

ஓநாயா, பனியா?

2016-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மூன்று ஆராய்ச்சியாளர்கள் செய்த வேடிக்கை இது. படத்தைப் பார்த்து ஓநாயா, 'ஹஸ்கி' என்னும் நாயா என்று சொல்ல ஒரு யந்திரத்தைப் பழக்கினார்கள். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அவர்கள் வேண்டுமென்றே ஒரு குறும்பும் செய்தார்கள். பழக்குவதற்குக் கொடுத்த ஓநாய்ப் படங்களில் எல்லாம் தரையில் பனி; நாய்ப் படங்களில் பனியே இல்லை.

பிறகு இந்தத் துறையில் பாடம் படித்த 27 மாணவர்களைக் கூப்பிட்டு, யந்திரம் பத்துப் படங்களுக்குச் சொன்ன விடைகளைக் காட்டினார்கள். எட்டு சரி, இரண்டு தப்பு. "இந்த யந்திரத்தை நம்பலாமா?" என்று கேட்டபோது 10 பேர் நம்பலாம் என்றார்கள்.

அடுத்தபடியாக, படத்தில் எந்தப் பகுதியைப் பார்த்து யந்திரம் தீர்மானித்தது என்று காட்டினார்கள். பார்த்தால், மிருகத்தின் மூக்கும் இல்லை, காதும் இல்லை! தரையில் கிடக்கும் பனியைப் பார்த்துத்தான் அது "ஓநாய்" என்று சொல்லியிருக்கிறது. அதற்கப்புறம் நம்பலாம் என்று சொன்னவர்கள் 3 பேர்தான்.

பத்துக்கு எட்டு மார்க் என்று கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளை என்றுதான் நினைப்போம். எதைப் பார்த்து எழுதினான் என்று தெரிந்தால் அல்லவா சாயம் வெளுக்கிறது!

ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து இல்லையாம்!

நாய், ஓநாய் விஷயம் விளையாட்டு. ஆஸ்பத்திரி விஷயம் விளையாட்டல்ல.

1990-களின் நடுவில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணிக்க யந்திரங்களைப் பழக்கினார்கள். ரிச் கருவானா என்ற இளைஞர் பழக்கிய யந்திரம், மூளையின் நரம்புப் பின்னலை மாதிரியாகக் கொண்டது. மற்ற எல்லாவற்றையும் விடச் சரியாகக் கணித்தது அதுதான். ஆனால் அது காரணம் சொல்லாது.

கூடவே பழக்கிய இன்னொரு யந்திரம் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லாதது. ஆனால் தான் கற்றதை விதி விதியாக எழுதிக் காட்டக் கூடியது. அந்த விதிகளைப் படித்தபோது எல்லாரும் திடுக்கிட்டார்கள். "ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால், இறந்து போகும் ஆபத்து குறைவு" என்று ஒரு விதி! ஏற்கனவே மூச்சுக்குத் திணறுகிறவருக்கு நுரையீரலில் கிருமியும் சேர்ந்தால் ஆபத்து அதிகம் என்று குழந்தைக்குக் கூடத் தெரியுமே?

யந்திரம் பொய் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்று தெரிந்ததும் டாக்டர்கள் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து இமை கொட்டாமல் கவனித்தார்கள். அதனால் அவர்களில் அதிகம் பேர் பிழைத்தார்கள். யந்திரம் பிழைத்த கணக்கை மட்டும் பார்த்தது. எதனால் பிழைத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதன் பேச்சைக் கேட்டு ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

காரணம் சொல்லாத கெட்டிக்கார யந்திரத்துக்குள்ளும் இதே மாதிரி எத்தனை விபரீதங்கள் ஒளிந்திருக்குமோ என்று பயந்து, அதை நோயாளிகள் விஷயத்தில் உபயோகிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதைப் பழக்கிய கருவானாவே. பின்னால், 2015-ல், அவரும் தோழர்களும், ஒவ்வொரு காரணத்துக்கும் எவ்வளவு எடை என்பதைப் படம் போட்டுக் காட்டும் யந்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். தப்பான இடத்தை டாக்டரே பார்த்துத் திருத்தலாம்.

ரிக்‌ஷாக்காரர் வீட்டில் கார்

இனி நம் தேசத்துக்கு வருவோம்.

தெலங்கானாவில் 2014-லிருந்து 2019-க்குள் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. யார் ஏழை, யார் ஏழை அல்ல என்று கண்டுபிடிக்க அந்தச் சர்க்கார் கையாண்ட ஏற்பாடுகளில் ஒன்று 'சமக்ர வேதிகா' என்ற கம்ப்யூட்டர் முறை. வண்டிப் பதிவு, சொத்து, மின்சார இணைப்பு என்று பல இலாகாக்களின் கணக்குகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்து, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று அது தீர்மானிக்கும்.

ஹைதராபாத்தில் ஒரு ஏழை அம்மாள். கணவர் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்துப் பிழைத்தவர். ரேஷன் கார்டு இல்லை என்று சொல்லி விட்டார்கள். ஏனாம்? கணவருக்குச் சொந்தத்தில் கார் இருக்கிறதாம்! கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட வேறு ஒருவருடைய காரைக் கம்ப்யூட்டர் இவர் தலையில் கட்டிவிட்டது. 2024-ல் பத்திரிகையாளர்கள் துருவித் துருவி விசாரித்து இதை வெளியிட்டார்கள்.

நம் ஊர்களில் ஒரு தெருவில் எத்தனை முருகன், எத்தனை லட்சுமி, எத்தனை அலி என்று எண்ணிப் பாருங்கள்! தெருமுனைக் கடைக்காரரைக் கேட்டால், "எந்த லட்சுமி அம்மா? தையற்கார லட்சுமியா, டீச்சர் லட்சுமியா?" என்று திருப்பிக் கேட்பார். யந்திரம் அப்படிக் கேட்காது.

கார் இருக்கிறது என்று சொல்வது யந்திரத்துக்கு ஒரு நொடி வேலை. கார் இல்லை என்று நிரூபிப்பது அந்த அம்மாளுக்கு வருஷக் கணக்கில் அலைச்சல். இல்லாத காரை எப்படிக் காட்டுவது? "இன்ன நம்பர் வண்டி, இன்ன பெயர், அதனால் கார்டு ரத்து" என்று ஒரு கடிதம் முதலிலேயே வந்திருந்தால், "அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்காரர் பெயர் அல்ல" என்று ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்திருக்கும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ரத்தான கார்டுகளை நேரில் விசாரித்துச் சரிபார்க்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று.

கறுப்பு மை பூசிய காகிதங்கள்

படிப்பறிவும் பணமும் குறைந்த இடத்தில்தான் இப்படி நடக்கும் என்று நினைத்தால் தப்பு. ஹாலந்து தேசத்துக்குப் போய்ப் பாருங்கள்.

அங்கே வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தையைக் காப்பகத்தில் விடுவதற்குச் சர்க்கார் உதவிப் பணம் தருகிறது. மனுக்களில் யாருடையதில் மோசடி இருக்கலாம் என்று மதிப்பெண் போட வரி இலாகா 2013-லிருந்து ஒரு யந்திர முறையை வைத்திருந்தது. மதிப்பெண் கூடியவர் மனுவை ஒரு உத்தியோகஸ்தர் எடுத்துப் பரிசீலிப்பார். மனிதர் பார்க்கிறாரே, அப்புறம் என்ன என்கிறீர்களா? இந்த மனுவை ஏன் சந்தேகப்பட்டது என்பதை யந்திரம் அவருக்கும் சொல்லவில்லை! "இதில் ஏதோ இருக்கிறது, பார்" என்பதோடு சரி. சந்தேகத்தோடு தேடினால் யார் வீட்டில்தான் குற்றம் அகப்படாது? அந்நியப் பிரஜை என்பது கூட அந்த மதிப்பெண்ணைக் கூட்டும் விஷயங்களில் ஒன்றாக இருந்தது என்று பின்னால் தெரிந்தது.

யந்திரத்தின் மீதே எல்லாப் பழியையும் போடுவது நியாயமல்ல. சட்டமும் கொடூரமாக இருந்தது. ஒரு கையெழுத்து விட்டுப் போனாலும், கட்ட வேண்டிய சொற்பப் பங்கு பாக்கி நின்றாலும், வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டு என்றார்கள். ஆயிரமாயிரமாக யூரோ! வீடு போயிற்று, வேலை போயிற்று, தம்பதிகள் பிரிந்தார்கள். இந்தக் குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதிகாரிகளால் பிரித்து எடுத்துக்கொண்டு போகப்பட்டார்கள்.

"நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று கேட்ட பெற்றோர்களுக்குக் கடைசியில் தங்களைப் பற்றிய தஸ்தாவேஜுகள் கிடைத்தன. ஆவலோடு பிரித்தார்கள். பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசி மறைத்திருந்தது! 2019 டிசம்பரில் அந்தக் கறுப்புக் காகிதங்களின் படம் நாடு முழுவதும் பரவியது. மறு வருஷம் பார்லிமென்டுக் குழு இதை முன் கண்டிராத அநீதி என்று வர்ணித்தது. 2021 ஜனவரி 15-ந் தேதி அந்த நாட்டு மந்திரிசபை முழுவதுமாக ராஜினாமாச் செய்தது.

காரணம் போல ஒரு காரணம்

சரி, இனிமேல் யந்திரம் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் ஒரு சூட்சுமம்.

1978-ல் எல்லன் லாங்கர் என்ற மனோதத்துவ அம்மையாரும் அவருடைய சகாக்களும் ஒரு பரீட்சை நடத்தினார்கள். நகல் எடுக்கும் மெஷின் முன்னால் நிற்பவரிடம் போய், "ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால், 100-க்கு 60 பேர் விட்டுக் கொடுத்தார்கள். "அவசரமாகப் போக வேண்டும்" என்று காரணம் சொன்னால் 94 பேர். ஆச்சரியம் என்னவென்றால், "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்" என்று சொன்னபோதும் 93 பேர் விட்டுக் கொடுத்தார்கள்! நகல் மெஷினிடம் வருகிறவர் வேறு எதற்கு வருவாராம்? "அதனால்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மனசு சமாதானமாகி விடுகிறது. ஆனால் ஐந்து பக்கம் இருபது பக்கமானபோது இந்த மாயம் பலிக்கவில்லை. வெறும் காரணம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் 24 பேர்தான். அவசரம் என்ற நிஜக் காரணத்துக்கு 42 பேர்.

"எங்கள் கொள்கைப்படி தங்கள் மனு ஏற்கப்படவில்லை" என்று ஒரு கடிதம் வருகிறது. "கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை, மேடம்" என்கிறார்கள். இவையெல்லாம் "நகல் எடுக்க வேண்டும், அதனால்" என்ற வகைக் காரணங்கள்தாம்.

இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். இப்போது வீட்டுக்கு வீடு அலைபேசியிலேயே யந்திரத்தோடு பேசுகிறோம். "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டால், வக்கீல் மாதிரி வரிசையாகக் காரணம் அடுக்குகிறது. அந்தக் காரணம்தான் நிஜமா? 2023-ல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் சோதித்தார்கள். மாதிரிக் கேள்விகளில் எல்லாம் முதல் விடையே சரியாக இருக்கும்படி அடுக்கிக் கொடுத்தார்கள். யந்திரமும் புதிய கேள்விகளுக்கு முதல் விடையின் பக்கமே சாய ஆரம்பித்தது. ஆனால் விளக்கம் கேட்டபோது, "எப்போதும் முதல் விடைதானே வந்தது, அதனால்" என்று அது ஒப்புக்கொள்ளவில்லை. வேறு ஏதேதோ அழகான நியாயங்கள் சொல்லிற்று! தாமதமாக வந்த கணவர் சொல்லும் சமாதானம் போல, கேட்க நன்றாக இருப்பதனாலேயே அது உண்மையாகிவிடாது.

பத்து யூரோ வழக்கு

அப்படியானால் நல்ல காரணம் எப்படி இருக்க வேண்டும்? ஐரோப்பாவில் நடந்த ஒரு சின்ன வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது.

ஆஸ்திரியாவில் ஒருவர் மாதம் பத்து யூரோவில் அலைபேசி இணைப்புக் கேட்டார். அவர் நாணயமாகப் பணம் கட்டுவாரா என்று யந்திரம் போட்ட மதிப்பெண் போதவில்லை என்று மறுத்து விட்டார்கள். பத்து யூரோதானே என்று அவர் சும்மா இருக்கவில்லை. ஏன் என்று கேட்டார். மதிப்பெண் போட்ட கம்பெனி, அது தொழில் ரகசியம் என்றது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போயிற்று.

2025 பிப்ரவரி 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. சிக்கலான கணித சூத்திரத்தைத் தூக்கிக் கொடுத்தால் அது விளக்கம் ஆகாது. எந்த விவரங்களை எப்படி உபயோகித்துத் தீர்மானித்தார்கள் என்பதைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். தொழில் ரகசியம் என்றால் அதை நீதிபதியிடமோ உரிய அதிகாரியிடமோ காட்டட்டும், எவ்வளவு வெளியிடலாம் என்று அவர்கள் முடிவு செய்வார்கள் என்றது நீதிமன்றம். விவரங்கள் எவ்வளவு மாறியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று சொல்வது நல்ல விளக்கமாக இருக்கலாம் என்றும் குறிப்பிட்டது.

இந்தக் கடைசி யோசனையை 2017-லேயே ஆக்ஸ்போர்டில் ஸாண்ட்ரா வாக்டர் என்ற சட்ட நிபுணரும் அவருடைய சகாக்களும் எழுதியிருந்தார்கள். பாட்டியின் மூளைக்குள் புகுந்து பார்க்க வேண்டியதில்லை. "இன்னும் இரண்டு கல் உப்புப் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்" என்று தெரிந்தால் நமக்குப் போதும். "உங்கள் பேரில் 4,000 ரூபாய் பாக்கி இருப்பதாகக் கணக்கு, அது இல்லாதிருந்தால் கடன் கிடைத்திருக்கும்" என்று ஒரு வரி சொன்னால், பாக்கி இருந்தால் கட்டுவீர்கள், இல்லையென்றால் ரசீதைக் காட்டுவீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் யந்திரத்தை நிறுத்தி வைத்துக் காரணம் கேட்க வேண்டியதில்லை. அடுத்த பாட்டாக எதைப் போட்டது என்பதற்கெல்லாம் விளக்கம் எதற்கு? கடன், வேலை, வைத்தியம், சர்க்கார் சலுகை என்று குடும்பத்தைத் தொடுகிற விஷயமானால் மட்டும் விடாதீர்கள். நாலு கேள்விகள் போதும்:

1. என்னைப் பற்றிய எந்த விவரத்தைப் பார்த்து இப்படி முடிவு செய்தீர்கள்?

2. அந்த விவரம் என்னுடையதுதானா? சரிதானா? நானே பார்க்கலாமா?

3. எது மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும்?

4. இதை மாற்ற அதிகாரமுள்ள மனிதர் யார்?

இது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கடன் மனுவை நிராகரித்தால் முக்கியமான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று நம் ரிசர்வ் வங்கி 2003-ல் சிறு கடன்களுக்கும், 2007-ல் எல்லாக் கடன்களுக்கும் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. யாரும் கேட்காததால் பல பேருக்கு அது தெரிவதில்லை. அதோடு, கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் இருக்கிறதே, அந்தக் கடன் ஜாதகத்தின் முழு அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். பெயர், விலாசம், எப்போதோ அடைத்த நகைக் கடன், யாருக்கோ போட்ட ஜாமீன் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம். பெண் ஜாதகத்தை எத்தனை தடவை புரட்டிப் பார்க்கிறோம்! இதையும் வருஷத்துக்கு ஒரு தடவை புரட்டினால் என்ன?

தீர்ப்பைக் கொண்டு வந்து சொல்கிறவர் பெரும்பாலும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவாக இருப்பார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் காரணம் தெரியாது. சாந்தமாக, ஆனால் நகராமல், "எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். உங்களுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றாலும், அடுத்த வரிசையில் நிற்கிற லட்சுமிக்கும் அது உதவும்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பையன் செய்ததும் இதைத்தானே? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. நெற்றியைக் காட்டி, "தொட்டுப் பார்" என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.